மாத்திரை கொடுக்காத நாற்பது காலைகள்

சனிக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் எதுவும் நடக்கவில்லை. தினமும் நடக்கும் ஒன்று அன்று நடக்காமல் போனது, அவ்வளவுதான். அதனால்தான் அந்த நேரத்தை அடையாளம் காண எனக்கு இத்தனை நாளாயிற்று. ஏதாவது உடைந்திருந்தால், யாராவது கத்தியிருந்தால், அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஆறு இருபதுக்கு மகளை எழுப்பி, ஒரு வெள்ளை மாத்திரையும் அரைக் குவளைத் தண்ணீரும் கொடுக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் காப்பி. பால் கூடாது, சத்து மாத்திரை எதுவும் கூடவே கூடாது. இரண்டு வருடங்களாக இது என் மனைவியின் வேலையாக இருந்தது. ஈப்போவில் அவளுடைய அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததும், அவரைப் பார்த்துக்கொள்ள அவள் போய்விட்டாள். மாத்திரை என் கைக்கு வந்தது. வந்த நான்காவது வாரத்தில் நான் அதை நிறுத்தினேன்.

மகளுக்கு இருபத்தொரு வயது. கல்லூரியில் படிக்கிறாள். மாத்திரையை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டிய வயதில்லைதான். ஆனால் நோய் வந்தபோது அவளுக்குப் பதினேழு. அப்போது ஆரம்பித்த பழக்கத்தை வீட்டில் யாரும் மாற்றவில்லை.

முதலில் வந்தது இப்போது இருப்பதற்கு நேர்மாறான நோய். எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வு வருடம். மூன்று தட்டுச் சோறு சாப்பிடுவாள், வாரத்துக்கு வாரம் மெலிவாள். விரல்கள் நடுங்கியதில் அவளுடைய கையெழுத்தே மாறிப்போனது. படுத்திருக்கும்போதுகூட மார்பு ஓடி வந்தவள் மாதிரி அடித்துக்கொள்ளும். எதற்கெடுத்தாலும் சண்டை. தேர்வு பயம் என்று நினைத்துக்கொண்டோம். கண்கள் சற்று முன்னே தள்ளி நிற்பதைப் பார்த்த ஒரு மருத்துவர்தான் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார்கள். ஒன்றரை வருடம் மருந்து சாப்பிட்டாள். நிறுத்தினால் மறுபடி ஓடியது. கடைசியில் கதிரியக்க அயோடின் என்று ஒரு சிறு குளிகை கொடுத்தார்கள். அதை விழுங்கிவிட்டு அவள் சில நாட்கள் தனி அறையில், தனித் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, எங்களிடமிருந்து ஒதுங்கி இருந்தாள். சுரப்பி சில மாதங்களில் அடங்கியது. அடங்கியது என்றால் அடியோடு. இனி அவள் உடம்பு அந்தச் சுரப்பைத் தானாகத் தயாரிக்காது, மாத்திரைதான் அந்தச் சுரப்பு, ஆயுள் முழுக்க, என்று மருத்துவர் சொன்னார். நான் தலையாட்டினேன். புரிந்துகொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவள் நடுங்கிக்கொண்டிருந்த நாட்களில் பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை தேறினால் தைப்பூசத்துக்கு அவளே பால்குடம் எடுப்பாள் என்று. இரண்டு வருடம் தள்ளிப்போன வேண்டுதல் அது. இந்த வருடம் அவளே, "எடுத்துடலாம் பா, இன்னும் இழுத்தா வட்டி போட்டுருவாரு," என்றாள். நாற்பத்தெட்டு நாள் விரதம். மாலை போட்டாள். அசைவம் கிடையாது, ஒரு வேளைச் சாப்பாடு, விடிவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் குளியல், தரையில் பாய்.

மாலை போட்ட அன்று சாயங்காலம் எங்கள் அடுக்குமாடியில் மேல்வீட்டு அக்கா இறங்கி வந்தார். டத்தோ கிராமாட்டில் எங்கள் பக்கம் விரதம் இருப்பவர்கள் எல்லாம் அவரைக் கேட்டுத்தான் செய்வார்கள். பல வருடங்களாகப் பால்குடம் எடுப்பவர்.

"பாப்பா ஏதோ மருந்து சாப்பிடுதுல்ல தம்பி? அது எதுல செய்யறாங்க? கேப்சூல்னா ஜெலட்டின் இருக்கும், பாத்துக்க."

"மாத்திரைதான் அக்கா. கேப்சூல் இல்ல."

"எதுக்கும் பாத்துடு லா. நீதான் படிச்ச ஆளு."

அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். நிறுத்தச் சொல்லவில்லை.

எனக்குப் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. உள்ளே வரும் மூலப்பொருட்களைச் சோதிக்கும் பிரிவு. ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு தாள் வரும். இந்தப் பொருள் எதனால் ஆனது, எத்தனை விழுக்காடு எது என்று அதில் இருக்கும். தாளைப் படிப்பதற்கு முன் பெட்டியின் மேலுள்ள எண்ணும் தாளின் மேலுள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். வேறு பெட்டியின் தாளை எவ்வளவு கவனமாகப் படித்தாலும் பயனில்லை.

அன்று கைப்பேசியில் தைராய்டு மாத்திரை எதிலிருந்து செய்யப்படுகிறது என்று தேடினேன். பன்றியின் சுரப்பியை உலர்த்திப் பொடித்துச் செய்வது என்று வந்தது. ஒரு இடத்தில் அல்ல, நாலைந்து இடங்களில். எல்லாம் உண்மையான தகவல். அப்படி ஒரு மருந்து இருக்கிறது. ஆனால் என் மகளின் அட்டையில் இருந்தது அந்த மருந்தல்ல. நான் நோயின் பெயரைத் தட்டித் தேடியிருந்தேன். மேசைமேல் கிடந்த அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் பார்க்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, ஆறு இருபதுக்கு அவளே எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"பா, மாத்திரை?"

"இன்னைக்கு வேணாம்மா. விரதம் முடியட்டும்." காரணத்தைச் சொன்னேன்.

அவள் தூக்கக் கலக்கத்திலேயே சிரித்துவிட்டாள். "பன்னியா? ரெண்டு வருஷமா காலங்காத்தால வெறும் வயித்துல பன்னியா குடுத்தீங்க? முருகன் என்னை எப்பவோ பிளாக் பண்ணியிருப்பாரு."

"சிரிக்காத."

"டாக்டர் லைஃப்லாங்னு சொன்னாருல்ல பா? ஒரு போன் அடிச்சுக் கேக்கலாமே."

"சனிக்கிழமை எடுக்க மாட்டாங்க. திங்கக்கிழமை கேக்கறேன்."

திங்கட்கிழமை, தீவிலிருந்து வேலைக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் நெரிசல், பிறகு வேலை, பிறகு மறதி. மறதி என்று எழுதுவது சரியில்லை. அவள் நன்றாக இருந்தாள். அதனால் கேட்கவில்லை. முதல் வாரம் எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டாவது வாரமும் இல்லை. மாத்திரை இல்லாமலே பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று தோன்றியது. அதற்கு மேலும் தோன்றியது. வேண்டுதல் பலித்துவிட்டதோ, சுரப்பி திரும்பிவிட்டதோ என்று. அந்த இரண்டு வாரமும் அவள் உடம்பில் மிச்சமிருந்த மருந்தில் ஓடிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அது வாரத்துக்குப் பாதி பாதியாகக் குறையுமாம்.

அந்த இரண்டாவது வாரத்தில் அவள் இரண்டு தடவை கேட்டாள், "போன் பண்ணீங்களா பா?" என்று. மூன்றாவது வாரத்திலிருந்து கேட்கவில்லை. கேட்பதற்கு வேண்டிய ஏதோ ஒன்று அவளுக்குள் குறைந்துபோயிருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது, ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு வந்த ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. வயிறு கட்டிக்கொண்டது. சாப்பாடு மாறியதால் என்றோம். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டும் எடை ஏறியது. சோறும் உருளைக்கிழங்குமாகச் சாப்பிட்டால் ஏறத்தானே செய்யும். குரல் கரகரத்தது. வெள்ளிக்கிழமை பஜனையில் கத்திப் பாடியது. பினாங்கு வெயிலில் மதியம் மின்விசிறியை நிறுத்திவிட்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சைத் தண்ணீர்க் குளியல், பனிக்காலக் காற்று என்றேன். பினாங்கில் எங்கே பனிக்காலம்? ஆனாலும் சொன்னேன்.

எல்லாவற்றையும்விட என்னை இப்போதும் விடாமல் பிடித்திருப்பது அவள் முகம். கண்ணிமைகளும் கன்னங்களும் மெல்ல உப்பின. தோல் வெளுத்து மெழுகு பூசியதுபோல் ஆனது. பேச்சு நிதானமானது. ஒரு கேள்வி கேட்டால், நம்மைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துப் பதில் சொல்வாள். சண்டைக்காரப் பிள்ளை சாந்தமாகிவிட்டாள். மேல்வீட்டு அக்கா ஒரு நாள் வாசலில் நின்று அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார்.

"பாரேன், முகத்துல எப்படி ஒரு களை வந்திருக்கு! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, மாலை போட்டும் டிக்டாக்ல ஆடிக்கிட்டு."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்துக்கு வந்து சேர நேரம் பிடித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. வீங்கிய முகத்தைப் பார்த்துப் பெருமைப்பட்ட தகப்பன் நான்.

ஆறாவது வாரம் இருமல் வந்தது. சளி நெஞ்சில் இறங்கியது. செவ்வாய்க்கிழமை மருந்துக் கடையிலிருந்து இருமல் மருந்து வாங்கி வந்தேன். தூக்கம் வரும் என்று அதில் எழுதியிருந்தது. தூங்கட்டும், நல்லது என்று இரண்டு முறை கொடுத்தேன். புதன்கிழமை காலை குளிக்க எழுந்திருக்கவில்லை. ஏழு மணிக்கு நான் குனிந்து தொட்டபோது கை குளிர்ந்திருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், "ம்" என்றாள், மூடிக்கொண்டாள். தைப்பூசத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மேல்வீட்டு அக்காவும் நானும் அவளைப் பாயோடு மின்தூக்கிக்குக் கொண்டுபோய், காடியின் பின் இருக்கையில் கிடத்தினோம். நான் மருத்துவமனைக்கு ஓட்டினேன்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் மலாய் மருத்துவர். நீல முக்காடு போட்டிருந்தார். வேகமாக, ஆனால் பொறுமையாகக் கேட்டார். என்ன நோய்கள் இருக்கின்றன? தைராய்டு என்றேன். அதற்கான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

"சாப்பிடுகிறாள்," என்றேன் மலாயில். "தினமும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் இதே கேள்வி வரும், இதே பதிலை என் மனைவி சொல்வாள், பக்கத்தில் நானும் தலையாட்டுவேன். அந்தப் பதில் வாயில் தயாராக இருந்தது. சொல்லி முடித்த அடுத்த மூச்சில் அது பொய் என்று தெரிந்தது. மருத்துவர் அதற்குள் எழுதிவிட்டு நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார். சளிக்காய்ச்சல்தானே, மாத்திரைக்கும் இதற்கும் என்ன என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவள் கழுத்தில் அறுவைத் தழும்பு எதுவும் கிடையாது. அயோடின் தழும்பு வைக்காது. பார்த்தவுடன் யாருக்கும் எதுவும் தெரிய வழியில்லை. என் வாய் ஒன்றுதான் வழி. நான் அதை மூடிக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நெஞ்சில் சளி இருப்பதாகச் சொல்லி, நரம்பில் மருந்து ஏற்றி, வார்டுக்கு மாற்றினார்கள். மனைவிக்கு ஈப்போவுக்குப் போன் செய்து, காய்ச்சல், சேர்த்திருக்கிறோம், வா என்று மட்டும் சொன்னேன். அவளுடைய அப்பாவுக்கு ஆள் வைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்றாள்.

மகளின் பாதங்கள் ஐஸ் மாதிரி இருந்தன. பையிலிருந்த தைலத்தை எடுத்துத் தேய்க்கப் போனேன். வார்டில் இருந்த மிஸி தடுத்தார். எங்கள் ஊரில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் தமிழ் முஸ்லிம் பெண், ஐம்பதை நெருங்கும் வயது.

"தேய்க்காதீங்க அண்ணே. சுடுதண்ணிப் பையும் வெக்கக் கூடாது. சட்டுனு சூடு பண்ணா பிரஷர் இறங்கிடும். போர்வை மட்டும் போத்தி விட்டிருக்கோம், மெதுவா ஏறட்டும்."

"கைய மட்டும் பிடிச்சுக்கவா?"

"அது பிடிச்சுக்கங்க. அதுக்கு யாரு வேணாம்னா?"

பிடித்துக்கொண்டேன். அந்த வார்டில் எனக்குச் செய்ய இருந்தது அது ஒன்றுதான். செய்ய வேண்டியிருந்தது வேறொன்று.

ஒரு மணிக்கு அந்த மருத்துவர் மறுபடி வந்தார். கட்டிலின் காலடியில் தாளைப் புரட்டியபடி நின்றார். நாடித் துடிப்பு முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. என்னிடம் சொல்வதுபோலவும் தனக்குத்தானே சொல்வதுபோலவும் மலாயில் பேசினார். நெஞ்சில் இவ்வளவு சளி இருந்தால் காய்ச்சல் அடிக்க வேண்டும், நாடி வேகமாக வேண்டும். இந்தப் பெண்ணுக்கு இரண்டும் கீழே போகின்றன. தைராய்டுக்கும் இரத்தம் அனுப்பியிருக்கிறோம், பதில் நாளைக்குத்தான் வரும். மாத்திரை சாப்பிடுகிறாள் என்கிறீர்கள், அதனால் அதுவாக இருக்காது.

நாளைக்கு. அந்தச் சொல்லுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன். எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நான் நிறுத்திவிட்டேன்," என்றேன். "மாத்திரையை."

"எப்போது?"

"நாற்பது நாள்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திட்டு இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "காலையில் கேட்டேனே, பாக்சிக்," என்று மட்டும் சொன்னார். மலாயில் மாமா என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே திரும்பி மிஸியிடம் வேகமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். ஆட்கள் வந்தார்கள். திரை இழுத்தார்கள். முதலில் வேறு ஏதோ ஓர் ஊசி, உடம்பு தாங்குவதற்காக என்றார்கள். பிறகு மூக்கு வழியாகக் குழாய் விட்டு, மிஸி ஒரு சிறு கிண்ணத்தில் மாத்திரைகளை நசுக்கித் தண்ணீரில் கரைத்து இறக்கினார். அதே வெள்ளை மாத்திரை. என் சமையலறை இழுப்பறையில் கிடக்கும் அதே மாத்திரை.

பிறகு மருத்துவர் வெளியே வந்து எனக்கு விளக்கினார். சுரப்பி முழுக்க அடங்கியவர்களுக்கு மாத்திரை நின்றால் உடம்பில் எல்லாமே வேகம் குறையும். குடல், தோல், குரல், நினைவு, கடைசியில் இதயமும் மூச்சும். மெதுவாக நடப்பதால் வீட்டிலிருப்பவர்களுக்குக் கண்ணில் படாது. அந்த நிலையில் நெஞ்சுச் சளியும் தூக்கம் தரும் இருமல் மருந்தும் சேர்ந்தால் மயக்கம் வரை போகும். உயிருக்கு ஆபத்தா என்றேன். ஆம் என்றார். அடுத்த இரண்டு நாளில் தெரியும் என்றார்.

"எதற்காக நிறுத்தினீர்கள்?"

சொன்னேன். பன்றி என்று ஒரு மலாய்ப் பெண்ணிடம் சொல்ல நாக்கு கூசியது. அவர் சிரிக்கவில்லை. இதே பயத்தோடு தங்கள் முஸ்லிம் ஆட்களும் வருவதுண்டு என்றார். "இது ஆலையில் செய்வது, பாக்சிக். எந்த மிருகமும் இதில் இல்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்போம்."

ஒரு நிமிடம். நான் நாற்பது காலைகளாக அந்த ஒரு நிமிடத்தைச் செலவு செய்யாமல் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் அவள் சரியாகக் கண் விழித்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் யாரும் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். மாத்திரையை அவளே எடுத்துக்கொள்கிறாள், நான் அந்த நேரத்தில் சமையலறைக்குள் போவதில்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை பிற்பகல் எனக்கு எதுவும் தெரியாது. கட்டிலுக்கு மேலிருந்த திரையில் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, மறுபடி முப்பத்தெட்டு என்று எண் மாறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி, மனைவி வந்தால் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். நோயைப் பற்றி ஆரம்பித்தால் ஒளிப்பதுபோல் இருந்தது. என்னைப் பற்றி ஆரம்பித்தால் அழுகை வந்தது. மருத்துவரிடம் பொய் சொன்னதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஐந்தரை மணிக்கு அவள் வந்தாள். பட்டர்வொர்த்தில் பேருந்தை விட்டிறங்கி அங்கிருந்து கிடைத்த வண்டியில் வந்திருக்கிறாள். வீட்டில் போடும் சட்டையோடு, ஒரு காலில் மட்டும் சேறாக. நேராகக் கட்டிலுக்குப் போய், மகளின் உப்பிய கண்ணிமைகளை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். போன மாதம் காணொளியில் பார்த்த முகம்தான். அதில் இவ்வளவு தெரிந்திருக்காது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

நான் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "மாத்திரைய நான்தான் நிறுத்துனேன்," என்றேன். "காலையில டாக்டர் கேட்டப்பகூட சொல்லல. அஞ்சு மணி நேரம் சொல்லல."

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளின் கையை என்னிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.  மிஸி வந்து சொட்டு மருந்தைச் சரிபார்த்துவிட்டுப் போனார்.

"எனக்குத் தெரியும்ங்க," என்றாள். "ரெண்டாவது வாரம் எனக்குப் போன் அடிச்சா. 'அம்மா, அப்பா மாத்திரை வேணாங்கறாரு, நீ என்ன சொல்ற'ன்னு கேட்டா. நான் எங்கப்பாவுக்குத் துணி மாத்திக்கிட்டிருந்தேன். 'அப்பா பாத்துட்டுத்தான் சொல்லியிருப்பாரு, அவர் சொல்றபடி செய்'னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டேன்."